விழித்திரை விலகலுக்கு லேசர்: எப்போது போதும், எப்போது போதாது?

மாமாவுக்கு வலது கண்ணில் விழித்திரை விலகியிருக்கிறது என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "லேசர் வெச்சா சரியாயிடுமா டாக்டர்?" என்பதுதான். பக்கத்தில் நின்ற எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. லேசர் என்றால் கத்தி இல்லை, கட்டு இல்லை, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கேள்விப்பட்டிருந்தோம். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா லேசரே போதுமா இருந்திருக்கும். இப்ப தண்ணி உள்ள போயிடுச்சுங்க. ஆபரேஷன்தான்."

தண்ணீர் எங்கே போனது, எப்படிப் போனது என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து என் இடது கண்ணிலும் கிழிசல் வந்து, லேசர் வைத்துக்கொண்டபோதுதான் விளங்கியது. எனக்கு இருபது நிமிடத்தில் முடிந்தது. மாமாவுக்கு அறுவை சிகிச்சை, குப்புறப் படுத்தபடி நாட்கள், மாதக்கணக்கில் மங்கல். கிழிசல் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான். அவருக்கு நீர் புகுந்துவிட்டது, எனக்கு இன்னும் புகவில்லை.

முதலில் விழித்திரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ரெட்டினா என்று சொன்னால் பலருக்கும் உடனே புரியும். கண்ணின் உட்சுவரில் பின்பக்கமாகப் படிந்திருக்கும் நரம்புப் படலம் அது. பெரும்பாலான இடங்களில் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். ஓரங்களில் இன்னும் மெல்லியது. வெளிச்சம் இதில் விழுந்துதான் பார்வை ஆகிறது. நடுவில் மேகுலா என்ற சிறிய பகுதி இருக்கிறது. எழுத்துப் படிப்பது, முகம் அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் அதன் வேலை. சுற்றியுள்ள பகுதி பக்கவாட்டில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது.

விழித்திரைக்குப் பின்னால் கருநிறச் செல்களாலான ஓர் அடுக்கு இருக்கிறது. நிறமி அடுக்கு என்பார்கள். அதற்கும் பின்னால் ரத்தக்குழாய்கள் நெருக்கமாக ஓடும் படலம். வெளிச்சத்தை உணரும் செல்களுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. ஆனால் விழித்திரைக்கும் நிறமி அடுக்குக்கும் நடுவே பசை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. பார்வை நரம்பு கிளம்பும் இடத்திலும் முன் ஓரத்தில் ஒரு வளையமாகவும் மட்டும்தான் விழித்திரை இறுகப் பிடித்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெறுமனே படிந்து கிடக்கிறது.

பிறகு எப்படி நிற்கிறது? கழுவி ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பிரித்தெடுக்கப் பார்த்தால் வராது. ஆனால் இடுக்கில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கண்ணிலும் ஏறக்குறைய இதே கதைதான். நிறமிச் செல்கள் இடுக்கில் சேரும் நீரை ஓயாமல் இறைத்துப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அந்த உறிஞ்சலில்தான் விழித்திரை சுவரோடு ஒட்டி நிற்கிறது. இறைக்கிற வேகத்தைவிட அதிகமாக நீர் புகுந்தால் பிடி விட்டுவிடும். விட்ட பகுதிக்குப் பின்னாலிருந்து வரும் ஊட்டம் நின்றுபோகும், பார்வையும் அணையத் தொடங்கும். இதுதான் விழித்திரை விலகல்.

சரி, அந்த நீர் எங்கிருந்து வருகிறது? கண்ணுக்கு உள்ளேயிருந்தேதான்.

கண்ணின் உள்ளே பெரும் பகுதியை நிரப்பியிருப்பது கூழ் போன்ற ஒரு பொருள். சுமார் நான்கு மில்லி இருக்கும். கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர்தான். மெல்லிய புரத இழைகள் அதைக் கட்டியாகப் பிடித்து வைத்திருக்கின்றன. சின்ன வயதில் இது நன்றாக உறைந்த தயிர் மாதிரி பாத்திரத்தோடு ஒட்டி நிற்கும். வயதாக ஆக, இரண்டாம் நாள் தயிரில் தண்ணீர் பிரிவதுபோலக் கூழிலும் நீர் பிரிகிறது. மிச்சக் கட்டி சுருங்கிப் பாத்திரத்தை விட்டு விலகுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய பலருக்கும் இது நடக்கும். கிட்டப்பார்வைக்காரர்களுக்கு முன்னதாகவே நடக்கும். பெரும்பாலும் எந்தச் சேதமும் இல்லாமல் முடிந்துவிடும்.

சிலருக்கு மட்டும் கூழ் ஏதோ ஓர் இடத்தில் விழித்திரையை விடாமல் பிடித்திருக்கும். கண் அசையும்போதெல்லாம் அந்த இடம் சுண்டி இழுபடும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் மட்டுமே. அதனால் இழுபட்டாலும் அதை வெளிச்சமாகவே மூளைக்குச் சொல்கிறது. இருட்டு அறையில் கண்ணைத் திருப்பும்போது ஓரத்தில் மின்னல்கீற்று மாதிரி வெட்டுவது இதனால்தான். எனக்கு அது இரவில் விளக்கை அணைத்த பிறகு வந்தது. காதுப் பக்கமாக, வில் போல வளைந்த ஒரு வெள்ளைக் கோடு. முதலில் பக்கத்து வீட்டு விளக்கு என்றுதான் நினைத்தேன். எழுந்து பார்த்தால் தெருவே இருட்டு.

இழுப்பு அதிகமானால் விழித்திரை கிழியும். கிழிசல் பெரும்பாலும் குதிரை லாடத்தின் வடிவத்தில் இருக்கும். கிழியும்போது குட்டி ரத்தக்குழாய் ஏதாவது அறுந்தால், கண்ணுக்குள் மிளகுத்தூளைத் தூவினதுபோலக் கரும்புள்ளிகள் மிதக்கும். வருடக்கணக்காக ஒன்றிரண்டு கொசு பறப்பது வேறு விஷயம். அது பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். புதிதாக, திடீரென்று, கூட்டமாக வந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்படித் திடீர் மின்னலோடும் மிதக்கும் புள்ளிகளோடும் வருகிறவர்களைப் பரிசோதித்தால், ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது.

ஓட்டை விழுந்ததும் கூழிலிருந்து பிரிந்த நீருக்கு வழி கிடைத்துவிடுகிறது. மெல்ல உள்ளே நுழைந்து, விழித்திரைக்கும் சுவருக்கும் நடுவே பரவுகிறது. டாக்டர் சொன்ன "தண்ணி உள்ள போயிடுச்சு" இதுதான். மின்னலும் புள்ளிகளும் இருக்கிற, ஆனால் நீர் புகாத அந்த இடைவெளிதான் லேசருக்கான நேரம். சிலருக்கு அது சில மணி நேரம், சிலருக்குச் சில வாரம். யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. மின்னலும் புள்ளிகளும் தோன்றிய லாடக் கிழிசலை அப்படியே விட்டுவிட்டால், பாதிப் பேருக்காவது விலகலில் போய் முடிகிறது. நேரத்தோடு லேசர் வைத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு.

லேசர் என்ன செய்கிறது என்பதை ஒரே சொல்லில் சொல்வதானால், சூடு போடுகிறது. கிழிசலைத் தைப்பதில்லை, ஓட்டையை மூடுவதுமில்லை. ஓட்டை கடைசிவரை ஓட்டையாகவே இருக்கும். அதைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சூடு போட்டால், சூடுபட்ட இடமெல்லாம் தழும்பாகி, விழித்திரையைச் சுவரோடு பிணைத்துவிடும். வயலைச் சுற்றி வரப்பு கட்டுவதுபோலத்தான். ஓட்டை வழியாக நீர் வந்தாலும் வரப்பைத் தாண்டிப் பரவ முடியாது.

இந்த யோசனை வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. நூறு வருடங்களுக்கு முன்புவரை விழித்திரை விலகினால் அந்தக் கண் போனதுதான் என்று விட்டுவிடுவார்கள். ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஜூல் கோனன் என்ற கண் மருத்துவர், விலகலுக்குக் காரணமே கிழிசல்தான் என்று காட்டினார். வெளியிலிருந்து கண்சுவரைத் துளைத்துக் காய்ச்சிய கம்பியால் கிழிசலுக்குச் சூடு போட்டு, பல கண்களைக் காப்பாற்றினார். பிறகு 1945 ஜூலை 9 அன்று சூரிய கிரகணம் வந்தது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஒரு மருத்துவ மாணவர் அதை வெறும் கண்ணால் பார்த்து, மேகுலாவைச் சுட்டுக்கொண்டார். அவரைப் பரிசோதித்த கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத் என்ற மருத்துவர் அந்தத் தழும்பைப் பார்த்தபோது வேறொன்றை யோசித்தார். கண்ணைத் திறக்காமலே வெளிச்சம் உள்ளே போய்ச் சூடு போட்டிருக்கிறதே, இதையே வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் செய்தால் என்ன? கண்ணாடிகள் வைத்துச் சூரிய வெளிச்சத்தையே நோயாளியின் கண்ணுக்குள் செலுத்திச் சிகிச்சை செய்து பார்த்தார். மேகம் வந்தால் வேலை நின்றுவிடும். அதனால் கார்பன் விளக்குக்கு மாறினார், 1950களில் செனான் விளக்கு வந்தது. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை உருவாக்கினார். அடுத்த வருடமே நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக்கு அது பயன்பட்டது. வந்த வேகத்தில் மருத்துவத்துக்குள் புகுந்த கருவிகளில் லேசரும் ஒன்று.

இன்று பெரும்பாலும் வைப்பது பச்சை லேசர், 532 நானோமீட்டர் அலைநீளம். பச்சை என்பதற்குக் காரணம் உண்டு. கருவிழி, லென்ஸ், கூழ், விழித்திரை எல்லாமே கிட்டத்தட்ட ஒளி ஊடுருவக்கூடியவை. பச்சை ஒளி அவற்றைச் சுடாமல் கடந்துபோய்விடும். பின்னாலிருக்கும் நிறமி அடுக்கின் கருமைதான் அதை விழுங்கிச் சூடாகிறது. கறுப்புச் சட்டை வெயிலில் கொதிப்பதுபோல. அந்தச் சூட்டில் மேலே ஒட்டியிருக்கும் விழித்திரையும் வெந்து, முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதுபோல வெளுக்கிறது. டாக்டருக்கு அந்த வெளுப்புதான் அடையாளம். ஒவ்வொரு புள்ளியும் அரை மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். சூடு படும் நேரம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு அளவு.

எனக்கு வைத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன், பலருக்கும் பயம் அங்கேதான். கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்தை மூன்று தடவை ஊற்றி அரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு மரத்துப்போவதற்கு ஒரு சொட்டு. கண் பரிசோதிக்கும் அதே மேசைதான். தாடையை வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்தச் சொன்னார்கள். ஒரு கண்ணாடி லென்ஸில் வழவழப்பான ஜெல் தடவி நேராக விழிமேல் வைத்தார் டாக்டர். கண்ணை மூடவே முடியாது என்பதால் இமைத்துவிடுவேனோ என்ற கவலை அதோடு போயிற்று. "கீழே பாருங்க, இன்னும் கீழே, அப்படியே இருங்க" என்றார். அப்புறம் டக், டக், டக் என்று பச்சை வெளிச்சம். மொத்தம் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகள், கிழிசலைச் சுற்றி மூன்று வரிசை என்று பிறகு சொன்னார். முக்கால்வாசிக்கு வலியே இல்லை. காதுப் பக்கம் சில புள்ளிகள் மட்டும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கென்று குத்தின. விழியின் இரு பக்கமும் படுக்கைவாட்டில் ஓடும் நரம்பின் மேல் சூடு படும்போது அப்படித்தான் இருக்குமாம். முடிந்ததும் அந்தக் கண்ணில் எல்லாம் செந்நீலமாக மங்கித் தெரிந்தது. பத்து நிமிடத்தில் நிறம் திரும்பியது. பாப்பா சுருங்க மாலை ஆயிற்று, அதுவரை வண்டி ஓட்டவில்லை.

கிழிசல் மிகவும் ஓரத்தில் இருந்தால் இப்படி உட்கார வைத்துச் செய்வது கஷ்டம். அப்போது படுக்க வைத்து, டாக்டர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் ஒரு லென்ஸைப் பிடித்து லேசர் வைப்பார். சிறு கோலால் விழியை வெளியிலிருந்து லேசாக அழுத்தி ஓரத்தைப் பார்வைக்குக் கொண்டுவருவார். தலையில் மாட்டி இரு கண்ணாலும் விழித்திரையின் ஓரம்வரை பார்க்கும் கருவியை உருவாக்கியவர் பெல்ஜியத்தில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய சார்லஸ் ஸ்கெபன்ஸ். அவரிடம் பயின்ற எஸ்.எஸ். பத்ரிநாத்தான் ஊர் திரும்பி 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார்.

சூடு போட்ட உடனே பிடிப்பு முழுசாக வந்துவிடாது. தழும்பு உறுதிப்பட பத்துப் பதினான்கு நாள் ஆகும். அதுவரை பளு தூக்க வேண்டாம், குதிக்க வேண்டாம், தலையை உலுக்கும் பயணம் வேண்டாம் என்றார்கள். படிப்பதற்கும் டிவி பார்ப்பதற்கும் தடையில்லை. ஒரு வாரத்தில் ஒரு தடவை, ஒரு மாதத்தில் ஒரு தடவை போய்க் காட்டினேன். இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நான் பயந்துபோனது: லேசர் வைத்த பிறகும் கொசு பறப்பது நிற்கவில்லை. அது கூழில் மிதக்கும் துணுக்குகளின் நிழல், லேசர் பட்டது விழித்திரையில். நாளாக நாளாக அடியில் படிந்து குறையுமே தவிர, லேசருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் புதிதாக இன்னொரு கூட்டம் வந்தால் வேறொரு இடம் கிழிந்திருக்கலாம், உடனே போக வேண்டும்.

இப்போது மாமாவின் கண்ணுக்கு வருகிறேன். நீர் புகுந்து விழித்திரை சுவரை விட்டுத் தூக்கிவிட்டால் லேசர் ஏன் வேலை செய்யாது? சூடு பிறப்பது நிறமி அடுக்கில். விழித்திரையோ அதற்கு மேலே நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. அடுப்பு எரிகிறது, பாத்திரம் அடுப்பில் இல்லை. நீர் கொஞ்சமாக, கிழிசலைச் சுற்றி மட்டும் இருந்தால், இன்னும் ஒட்டியிருக்கும் பகுதியில் சற்றுத் தள்ளி வரப்பு போட்டுச் சிலருக்கு நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டினால் முதலில் விழித்திரையைப் பழைய இடத்தில் படிய வைக்க வேண்டும்.

அதற்கு மூன்று வழிகள். வெளியிலிருந்து கண்ணைச் சுற்றிச் சிலிக்கான் பட்டை கட்டிச் சுவரை உள்ளே அழுத்துவது ஒன்று. சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி ஒன்றை மட்டும் செலுத்துவது போதும். மூன்றாவது, மாமாவுக்குச் செய்ததுபோலக் கூழை எடுத்துவிட்டு, நீரை வடித்து, உள்ளே வாயுவோ சிலிக்கான் எண்ணெயோ நிரப்புவது. இதிலும் லேசர் உண்டு: விழித்திரை படிந்ததும், மெல்லிய கம்பி போன்ற கருவியை உள்ளே விட்டுக் கிழிசலைச் சுற்றி அதே சூட்டைத்தான் போடுகிறார்கள். தழும்பு பிடிக்கும்வரை உள்ளிருக்கும் வாயு அழுத்திப் பிடித்திருக்கிறது. குமிழி மேல்நோக்கித்தான் போகும் என்பதால், அது கிழிசலை அழுத்துகிற நிலையில் தலையை வைத்திருக்க வேண்டும். மாமா ஐந்து நாள் குப்புறவே கிடந்தார். சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்து, குனிந்தபடியே சாப்பிட்டார். வாயு கரையும்வரை விமானத்தில் ஏறக் கூடாது, கொடைக்கானல், ஊட்டி மாதிரி மலைக்கும் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணின் அழுத்தம் எகிறிவிடும். எந்த வாயு என்பதைப் பொறுத்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும்.

பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஒரே அறுவை சிகிச்சையில் விழித்திரை ஒட்டிவிடுகிறது. ஒட்டுவது வேறு, பார்வை திரும்புவது வேறு. விலகல் மேகுலாவைத் தொடுவதற்கு முன் போனவர்களுக்குப் படிக்கும் பார்வை பெரும்பாலும் தங்கிவிடும். தொட்டுவிட்டால் எத்தனை நாள் ஆயிற்று என்பதைப் பொறுத்தது. மாமாவுக்குத் தொட்டுவிட்டிருந்தது. அந்தக் கண்ணில் இப்போது ஆள் நடமாட்டம் தெரியும், நாளிதழின் தலைப்பைப் படிப்பார், செய்தியைப் படிக்க முடியாது.

லேசர் என்ற சொல்லே நம்மூரில் நிறையக் குழப்புகிறது. கண்ணாடி போடாமல் இருக்க வைப்பது கருவிழிக்கான லேசர். அதைச் செய்துகொண்ட கிட்டப்பார்வைக்காரர்கள், விழித்திரை ஆபத்தும் போய்விட்டதாக நினைக்கிறார்கள். போகவில்லை; கண் நீண்டிருப்பதால் விழித்திரை இழுபட்டு மெலிந்திருப்பது அப்படியேதான் இருக்கும். கண்புரை அறுவைக்குப் பிறகு மங்கினால் வைப்பது இன்னொரு லேசர். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையில் வைப்பது பச்சை லேசர்தான், ஆனால் நோக்கம் வேறு. அங்கே கெட்ட ரத்தக்குழாய்கள் முளைக்காமல் தடுப்பதற்காகப் பரவலாக வைக்கிறார்கள்.

அதிகக் கிட்டப்பார்வை, கண்புரை அறுவை, கண்ணில் பலத்த அடி, குடும்பத்தில் யாருக்காவது விலகல், ஏற்கெனவே ஒரு கண்ணில் வந்திருப்பது: இவர்களெல்லாம் பாப்பாவை விரித்து ஓரம்வரை பார்த்துக்கொள்வது நல்லது. மெலிந்த இடம் எல்லாவற்றுக்கும் லேசர் வேண்டியதில்லை. பலருக்கும் டாக்டர் பார்த்துக்கொண்டே இருப்பார்.

மாமா பத்து நாள் ஏன் தாமதித்தார் என்று எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. சோம்பேறித்தனமும் இல்லை, பயமும் இல்லை. மூக்குப் பக்கத்திலிருந்து நிழல் ஏறியது அவருக்குத் தெரியவே இல்லை. ஒரு கண்ணில் விழும் மறைப்பை இன்னொரு கண் நிரப்பிவிடுகிறது. ஒரு நாள் இடது கண்ணில் தூசி விழுந்து அதைக் கசக்கியபோதுதான், வலது கண்ணில் பாதி உலகத்தைக் காணோம் என்று தெரிந்தது. அறுவைக்குப் பிறகு அவருடைய இடது கண்ணைப் பார்த்ததில் அங்கேயும் ஒரு சின்னக் கிழிசல், நீர் இல்லை, அன்றே லேசர் வைத்தார்கள். இப்போது காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும், உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி நான்கு மூலையையும் பார்க்கிறார், பிறகு மற்ற கண்ணை மூடிப் பார்க்கிறார். பக்கத்தில் நான் இருந்தால், "நீ பாத்தியா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடிக்கப் போவார்.